பழைய நேரமா, புது நேரமா?

எங்கள் வீட்டில் கலியாணத்துக்குச் சாதகக் குறிப்புப் பார்ப்பதில்லை. அமெரிக்க மிசன் காலத்திலிருந்தே நாங்கள் வேதக்காரர். கிரகங்களைக் கைவிட்டுவிட்டு வேறு பைத்தியங்களைப் பிடித்துக்கொண்டோம். மாப்பிள்ளையின் அப்பப்பா எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார், வேதக்கோயிலில் எத்தனையாவது வாங்கில் இருந்தார் என்றெல்லாம் விசாரிப்போம். அப்படிப்பட்ட வீட்டில் ஜெனிற்றா என்று பெயர் வைத்து வளர்க்கப்பட்டு, யாழ்ப்பாணத்தில் சட்டத்தரணியும் காணி உறுதி எழுதும் நொத்தாரிசுமாகக் கந்தோர் வைத்திருக்கும் நான், ஏழாம் வீட்டில் நிற்கும் செவ்வாய்க்காக ஒரு கொழும்புக் கொம்பனியோடு மல்லுக்கட்ட வேண்டி வந்தது. எல்லாம் தயாளினியால்.

தயாளினி சண்டிலிப்பாய்க்காரி. ஆறாம் வகுப்பில், மானிப்பாய்ப் பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் வந்து இருந்தவள் இன்னும் எழும்பிப் போகவில்லை. இப்போது நகரத்தில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. மெலிந்த ஆள், தணிந்த குரல். பிடிவாதத்துக்கு மட்டும் குறைச்சலில்லை.

அவளுடைய கதையைச் சொல்வதென்றால் மணிக்கூட்டிலிருந்து தொடங்கவேண்டும். 1996ஆம் ஆண்டு அரசாங்கம் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கவென்று நாட்டின் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது. சில மாதத்தில் அதில் அரை மணித்தியாலத்தைத் திருப்பி எடுத்தது. மிச்ச அரை மணித்தியாலம் 2006 வரை இழுபட்டது. இயக்கத்தின் கையில் இருந்த வன்னியில் மணிக்கூட்டைத் தொடவே இல்லை. யாழ்ப்பாணத்திலோ கந்தோருக்குப் புது நேரம், கோயில் பூசைக்குப் பழைய நேரம். வீட்டில் எது என்பது வீட்டுக்காரரின் கோபத்தைப் பொறுத்தது. அந்தப் பத்து வருடத்தில் பிறந்தவர்களின் குறிப்பை எழுதப் போனால் சாத்திரியார் முதலில் கேட்பது, "பழைய நேரமோ, புது நேரமோ?" என்பதுதான்.

தயாளினி அந்த ஆண்டு ஆவணியில் பிறந்தாள். குடும்பம் இடம்பெயர்ந்து தென்மராட்சியில் கிடந்துவிட்டுத் திரும்பி வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. பிரசவம் வீட்டில். அவளுடைய அப்பா தம்பிராசா கைமணிக்கூட்டைப் பார்த்துப் பின்னேரம் நாலு நாற்பது என்று எழுதி வைத்தார். அந்த மணிக்கூடு எந்த நேரத்தைக் காட்டியது என்பதை எழுதவில்லை. அவளுக்கு மூன்று வயதாகும்போது மாரடைப்பில் போய்விட்டார். அம்மா பத்மாவதியிடம் கேட்டால் ஒரே பதில்தான்.

"நான் வலியிலை கிடந்தனான் பிள்ளை. மணிக்கூட்டையோ பாத்துக்கொண்டு கிடந்தனான்?"

புது நேரம் என்று வைத்தால் தயாளினிக்குச் செவ்வாய் ஏழில். செவ்வாய்க் குற்றம், கட்டுகிறவனுக்கு ஆகாது என்பார்கள். பழைய நேரம் என்று வைத்தால் அதே செவ்வாய் ஆறுக்குப் போய்விடும். ஒரு குற்றமும் இல்லை. சிவகரன் வரும்வரை இது ஒரு பகிடியாகத்தான் இருந்தது.

சிவகரன் அவளோடு பல்கலைக்கழகத்தில் கணினி படித்த மானிப்பாய்ப் பொடியன். ஆசை வார்த்தை சொல்லத் தெரியாதவன். அவள் எழுதும் நிரலை வாங்கிப் பார்த்து, பிழையைத் திருத்தி, எங்கே பிழை என்று ஒரு வரி எழுதித் திருப்பிக் கொடுப்பான். அவனுக்குத் தெரிந்த கொஞ்சல் அவ்வளவுதான். "இண்டைக்கு மூண்டு பிழை பிடிச்சவன்" என்று அவள் முகமெல்லாம் சிரிப்பாக வந்து சொல்லும்போது எனக்கு எரிச்சல் வரும். எனக்கு அப்படிப் பிழை பிடிக்க ஒருத்தனும் இல்லை என்ற எரிச்சலாகவும் இருக்கலாம்.

அவனுடைய அப்பா செல்வநாயகம், தபால் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றவர். கெட்ட மனிதர் அல்ல. இதை நான் பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அவர் குறிப்புப் பார்க்காமல் விரும்பிக் கட்டியவர். மனைவி முப்பது வயதில் இறந்துபோனாள். அதற்குப் பிறகு அவருக்குக் கிரகங்களில் வந்த பயம் போகவே இல்லை. தயாளினி இரண்டு குறிப்பையும் எழுதுவித்துக்கொண்டு அவரிடம் போனபோது நானும் கூடப் போனேன். இரண்டையும் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"எது உண்மை எண்டு நீயே சொல்லு பிள்ளை. நீ சொன்னா நான் நம்புறன்."

மனிதர் மெய்யாகவே நம்பத் தயாராக இருந்தார். 'பழைய நேரம்' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அடுத்த தையில் கலியாணம். நான் அவளுடைய முழங்கையில் இடித்தேன்.

"தெரியாது ஐயா," என்றாள்.

வெளியே வந்து சைக்கிளை எடுக்கும்போது நான் அவளை ஏசிய ஏச்சு கொஞ்சமல்ல. சிவகரன் ஒரு வருடம் தகப்பனோடு கதைக்காமல் இருந்தான். பிறகு ரொறன்ரோவுக்குப் போனான். தகப்பனை மீறவும் இல்லை, வேறு ஒருத்தியைக் கட்டவும் இல்லை. விட்டுப் போனவன் என்றால் அழுது முடித்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம். இவன் நடுவில் நின்றான். காத்திருக்கிறேன் என்று அவளும் சொல்லவில்லை, காத்திரு என்று அவனும் சொல்லவில்லை. ஆனால் வந்த சம்பந்தம் ஒவ்வொன்றையும் அவள் தட்டிக் கழித்துக்கொண்டே இருந்தாள்.

அவன் போன பிறகுதான் குறிப்புக் கணிக்கும் மென்பொருள் ஒன்றை எழுதத் தொடங்கினாள். 'இருநேரம்' என்று பெயர். பிறந்த நாள், இடம், மணி எல்லாம் கேட்கும். அந்தப் பத்து வருடத்துக்குள் பிறந்தவர் என்றால் இன்னொரு கேள்வியும் கேட்கும்: பழைய நேரமா, புது நேரமா, தெரியாதா? 'தெரியாது' என்று தொட்டால் இரண்டு குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டி, கீழே ஒரு வரி போடும்: 'இரண்டில் எதுவும் சரியாக இருக்கலாம்.'

"நீ உதை நம்புறியோடி?" என்று கேட்டேன்.

"நான் நம்பிறதும் நம்பாததும் வேறை கதை. நம்புற சனத்துக்குச் சரியாக் கணிச்சுக் குடுக்கவேணும்."

அதைப் பொது உரிமம் ஒன்றின் கீழ் இணையத்தில் போட்டாள். அந்த உரிமத்தை அவள் எனக்கு மூன்று முறை விளக்கினாள். நான் எனக்கு விளங்கிய மாதிரிச் சொல்கிறேன். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கக்கூட விற்கலாம், கேட்டு நிற்கவேண்டியதில்லை. ஆனால் மாற்றியதை இன்னொருவருக்குக் கொடுத்தால் அதன் மூலநிரலையும் இதே உரிமத்தோடு திறந்து கொடுக்கவேண்டும். எழுதியவர்களின் பெயர்களை அழிக்கக்கூடாது. சட்டியில் உள்ளதை அள்ளு, உப்புப் புளி போட்டு மாற்று, ஆனால் சட்டியை மூடிவைக்காதே என்பதுதான் சாரம். மீறினால் எடுத்துப் பாவிக்கிற உரிமை முறிந்துபோகும்.

அது வெளிவந்து ஆறேழு மாதத்தில் ஒரு திருத்தம் வந்தது. 1996இல் அந்த அரை மணித்தியாலம் திருப்பி எடுக்கப்பட்ட நாளை அவள் தீபாவளி என்று வைத்திருந்தாள். "தீபாவளி முடிஞ்சுதான் பள்ளிக்கூட மணி மாறினது" என்று அம்மா அடித்துச் சொன்னதை நம்பி எழுதியது. உண்மையில் நாடு மாறியது ஒக்டோபர் கடைசியில். எங்கள் பக்கத்தில் அது மெல்ல நகர்ந்து வந்து சேர இரண்டு கிழமை பிடித்திருக்கிறது. திருத்தத்தோடு ஒரு வரி: 'நேரம் மாறியது தீபாவளிக்கு இரண்டு கிழமைக்கு முன்னர்.' அனுப்பியவர் பெயர் சிவகரன் செல்வநாயகம், ரொறன்ரோ.

அன்றைக்கு அவள் கந்தோருக்கு வந்து என் முன்னால் இருந்து அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு பதில் எழுதினாள்: 'நன்றி. சேர்த்துக்கொண்டேன்.'

அதற்குப் பிறகு மாதத்துக்கு ஒன்று, இரண்டு மாதத்துக்கு ஒன்று என்று வந்துகொண்டிருந்தது. ஒருமுறை ஊர்களின் பட்டியலில் விடுபட்டுப்போன ஒன்றைச் சேர்த்திருந்தான், ஒருமுறை கணக்கைச் சுருக்கியிருந்தான். ஒவ்வொன்றுக்கும் அவளுடைய அதே இரண்டு சொல். எல்லாம் உலகமே வாசிக்கக்கூடிய பக்கத்தில்தான் கிடந்தன. ஒருவரும் வாசிப்பதில்லை; நான் வாசிப்பேன்.

"எடி, ஒருக்கா 'எப்பிடி இருக்கிறாய்' எண்டு எழுதினா என்ன?"

"அது திருத்தம் இல்லையே," என்றாள்.

இப்படி இரண்டு வருடம் போனது. அதற்குள் 'நற்பந்தம்' என்ற செயலி ஊருக்குள் வந்துவிட்டது. கொழும்பில் ஒரு கொம்பனி விற்பது. கலியாணம் பேசும் வீடெல்லாம் அதுதான். காசு கட்டினால் அழகான பூப்போட்ட திரையில் குறிப்பும் பொருத்தமும் வரும். தயாளினியோடு வேலை செய்கிற பிள்ளை ஒருத்தி வாங்கிக் காட்டினாள். இவள் தன்னுடைய பிறந்த நேரத்தைப் போட்டுப் பார்த்தாள். பழையதா புதியதா என்ற கேள்வியே வரவில்லை. செவ்வாய் ஏழில் என்று சிவப்பு எழுத்தில் வந்தது. கணக்கு வந்த விதமும், இடப் பட்டியல் இருந்த ஒழுங்கும் தன்னுடையது மாதிரி இருக்கிறதே என்று சந்தேகப்பட்டு, அந்தத் தீபாவளி நாளைப் போட்டுப் பார்த்தாள். நற்பந்தத்திலும் நேரம் தீபாவளி அன்றைக்குத்தான் மாறியது. சிவகரன் திருத்துவதற்கு முந்திய நிரலை எடுத்து, கேள்வியையும் அவளுடைய பெயரையும் உரிமத்தையும் வெட்டி எறிந்துவிட்டு, பூப்போட்டு விற்கிறார்கள்.

கொம்பனிக்கு அவளே மின்னஞ்சல் எழுதினாள். 'தங்கள் கருத்துக்கு நன்றி' என்று இயந்திரம் பதில் போட்டது. மீறியவர்கள் திருத்திக்கொள்ள உரிமம் கொடுக்கிற தவணையும் முடிந்த பிறகு என்னிடம் வந்தாள். நான் நோட்டீசு அனுப்பினேன். கொம்பனியின் சட்டத்தரணி தொலைபேசியில் வந்தார். தன்மையான மனிதர், தேன் குரல்.

"எங்கட பொறியியலாளர்கள் சுயமா எழுதினது மேடம். குறிப்புக் கணக்கு எல்லாருக்கும் ஒண்டுதானே."

"கணக்கு ஒண்டுதான் சேர். ஆனா சண்டிலிப்பாய்ப் பத்மாவதி அம்மாவுக்கு வந்த மறதி உங்கடை பொறியியலாளருக்கு எப்பிடி வந்தது?"

நான் தீபாவளிக் கதையை விளக்கினேன். விசாரித்துவிட்டு எடுக்கிறேன் என்று சட்டென்று வைத்துவிட்டார். என் தொழிலில் எதிர்த்தரப்பு அப்படி ஓடுவது அபூர்வம், கொஞ்சம் அனுபவித்தேன். அடுத்த கிழமை குரல் இன்னும் இனித்தது. ஒரு தொகை தருகிறோம், நிரலை எங்களுக்கே எழுதித் தந்துவிடட்டும் என்றார். தயாளினி தலையை மட்டும் ஆட்டி மறுத்தாள். கலியாணக் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது, செயலியை நிறுத்தினால் அவர்களுக்கு நட்டம். கடைசியில் மூலநிரலைத் திறக்கவும் அவளுடைய பெயரையும் உரிமத்தையும் போடவும் ஒத்துக்கொண்டார்கள்.

அவர்கள் வெட்டி எறிந்த அந்தக் கேள்வி ஒன்றுதான் மிச்சம். உரிமத்தின்படி, நிரலைத் திறந்தால் போதும்; அந்தக் கேள்வியை வை என்று வற்புறுத்த வழியில்லை. ஆனால் முறிந்த உரிமையைத் திருப்பிக் கொடுக்கிறவள் அவள். கொடுக்கும்போது கேட்டுப் பார்க்கலாம், கேட்டால் வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். உடன்பாட்டில் அந்த வரியையும் எழுதிவிட்டு, அவள் கையெழுத்து வைக்க வரும் நாளுக்காகக் காத்திருந்தேன்.

அதற்கு முதல் நாள் செல்வநாயகம் ஐயா ஒரு காணி உறுதி விசயமாகக் கந்தோருக்கு வந்தார். வேலை முடிந்தும் எழும்பவில்லை. தொப்பியை மடியில் வைத்து உருட்டிக்கொண்டு இருந்தார்.

"பொடியன் ஓம் எண்டிட்டான் பிள்ளை. இவ்வளவு வருசத்துக்குப் பிறகு. நான் கண் மூட முதல் பாக்கவேணும் எண்டு அழுதனான். உங்கை ஊரிலையே பொம்பிளை பாருங்கோ எண்டு சொல்லிப்போட்டான்."

"பொம்பிளை ஆர் ஐயா?"

"உதயகலா எண்டு, மல்லாவியிலை பிறந்த பிள்ளை. இப்ப மானிப்பாயிலை படிப்பிக்குது. தாய் தேப்பன் இல்லை. தங்கமான பிள்ளை. எல்லாம் சரி, இது பார், இதிலைதான் நிக்குது." போனை நீட்டினார். நற்பந்தம். பிறந்தது 1996 ஆடி. செவ்வாய் ஏழில், சிவப்பு எழுத்து. "பழைய நேரம் புது நேரம் எல்லாம் இதுவே பாத்துக் கணிக்குமாம். அந்தப் பிள்ளைக்கு இதாலை மூண்டு சம்பந்தம் குழம்பிப் போச்சுதாம். நானும் விடத்தான் போறன். எனக்குப் பயம் பிள்ளை."

மல்லாவி வன்னியில் இருக்கிறது. 1996 ஆடியில் மல்லாவியில் ஒருவரும் மணிக்கூட்டைத் தொடவில்லை. தயாளினியின் கதை மாதிரி அங்கே சந்தேகத்துக்கு இடமே இல்லை. அந்தப் பெண்ணின் நேரம் பழைய நேரம். செவ்வாய் ஆறில். கேள்வி திரும்பி வந்தால் அவளுக்குக் குற்றம் இல்லை, கலியாணம் நடக்கும். கேள்வி வராவிட்டால் நடக்காது. நான் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இது நான் முதலில் தயாளினிக்குச் சொல்லவேண்டியது என்று எனக்கு நானே ஒரு நியாயம் வைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் அவள் வந்ததும் கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பேனையைக் கையில் வைத்திருந்தாள்.

"அவன் ஓம் எண்டிட்டானோ?"

"ஓமடி."

உடன்பாட்டைத் திருப்பி அந்தக் கேள்வி வரியைத் தேடி எடுத்தாள். கீழே பஸ் நிலையத்தில் காரைநகர்ப் பஸ்காரன் கூவிக்கொண்டிருந்தான்.

"இந்த வரியை நான் வெட்டிவிடுறன்," என்றேன். "உன்ரை பேர் வரும், நிரல் திறக்கும். கேட்டது கிடைச்சுது. கேள்வியை வைக்கச் சொல்ல உரிமத்திலை இடமில்லை, சட்டப்படி நீ ஒரு பிழையும் செய்யேல்லை. பிறகு ஆறுதலாக் கேப்பம்."

"அந்தப் பிள்ளைக்கும் என்ரை வயசுதானே," என்றாள்.

"தயா, நீ அவனை நினைச்சுக்கொண்டுதானே இதை எழுதினனீ?"

"ஓம். அவனை நினைச்சுத்தான். அவன்ரை அப்பா ஒருநாள் இந்தக் கேள்வியைப் பாப்பர் எண்டு நினைச்சு." பேனையின் மூடியைக் கழற்றினாள். "எனக்கு அவன் வேணும் ஜெனி. இப்பவும் வேணும். ஆனா மூண்டு பேர் அந்தப் பிள்ளையை வேண்டாம் எண்டிருக்கினம், என்ரை நிரலை வைச்சு. என்ரை கேள்வியை வெட்டினதாலை."

கையெழுத்து வைத்தாள். அந்த வரியை வெட்டவில்லை. எனக்கு அவள் மேல் வந்த கோபத்தில் முத்திரையைக் கோணலாகக் குத்திவிட்டேன்.

ஒரு மாதத்தில் செயலி புதுப்பிக்கப்பட்டது. மூலநிரல் திறந்து கிடந்தது. 1996க்கும் 2006க்கும் இடையில் பிறந்தவர்களிடம் கேள்வி கேட்டது. செல்வநாயகம் ஐயா உறுதியை எடுக்க வந்தபோது முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது.

"பாத்தியே பிள்ளை, இப்ப பழைய நேரமோ எண்டு கேக்குது! வன்னிப் பிள்ளைதானே, ஓம் எண்டு அமத்தினன், செவ்வாய் ஆறுக்குப் போட்டுது. ஒரு குற்றமும் இல்லை. ஆரோ படிச்ச ஆக்கள் நல்லா யோசிச்சுப் போட்டிருக்கினம்."

நான் அவருடைய போனை வாங்கி, திரையின் அடிவரைக்கும் இழுத்து, கையில் திருப்பிக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். 'இருநேரம். மூல ஆக்கம்: தயாளினி தம்பிராசா, சண்டிலிப்பாய்.'

"அந்தப் பிள்ளையோ," என்றார். பிறகு எழும்பினார். உறுதியை மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். நான்தான் ஆள் அனுப்பிக் கொடுத்தேன்.

கலியாணம் தைக்கு நிச்சயமானது. மார்கழி நடுவில் ஒருநாள் தயாளினி கந்தோருக்கு வந்து, மடிக்கணினியை என் பக்கம் திருப்பி வைத்தாள். இருநேரத்தின் பக்கத்தில் சிவகரனிடமிருந்து வந்திருந்தது. இந்த முறை திருத்தம் ஒன்றும் இல்லை. எழுத்து மட்டும்.

'இனி எனக்கு இதற்கு நேரம் கிடைக்காது. ஆக்கியோர் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிடவும். அதுதான் எல்லோருக்கும் நல்லது.'

அதன் கீழே அவளுடைய பதில். வழக்கமான இரண்டு சொல் அங்கே இல்லை.

'உரிமத்தின்படி எழுதியவரின் பெயரை எடுக்க இயலாது. இருக்கட்டும்.'

"சரியா எழுதியிருக்கிறனோ?" என்று கேட்டாள்.

நான் சட்டத்தரணி. அடுத்தவர் பெயரை அழிக்கக்கூடாது என்பதுதான் உரிமம். எழுதியவனே வந்து என்னுடையதை எடு என்று கேட்டால் எடுத்துவிடலாம், எந்த உரிமமும் மறிக்காது. அது அவளுக்கும் தெரியும், எனக்கு அதைப் படிப்பித்தவளே அவள்தான்.

"சரிதான்," என்றேன்.